கத்திக்கு முன்னும் பின்னும்

சத்திரசிகிச்சை என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது முகமூடி அணிந்த ஒரு வைத்தியரும், அவர் கையிற் பளபளக்கும் ஒரு கத்தியுமேயாகும். நோயாளி பிழைத்தெழுந்தால் "டாக்டரின் கைராசி" என்கின்றோம். பிழையாவிட்டால் "விதி" என்கின்றோம். கைராசிக்கும் விதிக்கும் இடையே ஒரு கூட்டத்தார் இரவு பகலாக நின்று உழைப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களே தாதியர். கத்தி உடலிலே படுகின்ற நேரம் ஒரு மணியாகவோ இரண்டு மணியாகவோ இருக்கலாம். அதற்கு முன்னுள்ள இரவும் பின்னுள்ள பல இரவுகளும் தாதியின் பொறுப்பிலேயே கழிகின்றன.

அவ்விரவுகளிலே நோயாளியின் கட்டிலருகில் இன்னொருவரும் நிற்கின்றார். அவர் தாயாகலாம், மனைவியாகலாம், மகனாகலாம், மாமியாகலாம். அவராற் கிடைக்கும் உதவியும் உண்டு. அன்பு மிகுதியால் அவர் அறியாது செய்யும் தீங்கும் உண்டு. இவ்விரண்டையும் பற்றி எமது வாசகர் யாவரும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் என்றேனும் ஒருநாள் நாம் ஒவ்வொருவரும் அக்கட்டிலிற் கிடப்போம். அன்றேல் அதன் அருகிலே நிற்போம்.

பாப்பாமோட்டையிலிருந்து ஒரு பயணம்

மன்னார்ப் பெருநிலக் கரையிலே, விடத்தல்தீவை அண்டி, மாந்தை மேற்குப் பிரிவில் அமைந்த சிற்றூர் பாப்பாமோட்டை. மோட்டை என்பது வன்னி வழக்கிற் சிறு நீர்நிலையைக் குறிக்கும். நாவற்குழியிலிருந்து பூநகரி வழியாக மன்னாரை நோக்கி வரும் ஏ-32 நெடுஞ்சாலை இப்பகுதியினூடாகவே செல்கின்றது. மேற்கே கடல்; கிழக்கே வயல். வலையையும் ஏரையும் நம்பி வாழும் மக்கள்.

இங்குள்ள ஒரு குடும்பத்தில் ஒருவருக்குக் குடலிறக்கமோ, குடல்வால் அழற்சியோ, கடினமான பிரசவமோ நேர்ந்தால் அவரை மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அது தீவிலே உள்ளது. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதியும் பாலமும் 2010ஆம் ஆண்டிற் புதிதாய்த் திறக்கப்பட்டன. அதனிலும் சிக்கலான நோயெனின் வடக்கே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்ல நேரும். 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் அவ்வழியை எளிதாக்கிவிட்டது. இப்பயணத்திற்கு ஆயத்தமாகும் குடும்பம் பாயையும் தலையணையையும் கட்டுகிறது. சுடுநீர்ப் போத்தலை நிரப்புகிறது. மாதாவுக்கு ஒரு நேர்த்தியும் வைக்கிறது. இவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும் இவற்றோடு கொண்டுசெல்ல வேண்டிய வேறு சில பொருள்களும் உள. அவற்றை முறையே பார்ப்போம்.

மயக்கத்தின் வரலாறு

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் தேதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், மசாசுசெற்ஸ் பொது வைத்தியசாலையிலே வில்லியம் மோட்டன் என்னும் பல் வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைச் சுவாசிக்கக் கொடுத்தார். நோயாளி உறங்கினார், கழுத்திலிருந்த கட்டி அறுக்கப்பட்டது. அந்நாள்வரை சத்திரசிகிச்சையென்பது நாலுபேர் பிடித்திருக்க, அலறலுக்கிடையே நிகழும் கொடுமையாகவே இருந்தது. அன்றோடு அந்நிலை மாறத் தொடங்கியது.

அதற்கு அடுத்த ஆண்டிலே, அதே மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் இளம் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயிலே வைத்தியசாலை அமைத்து, நம்மிளைஞர்க்கு மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழ்மொழியிலேயே கற்பித்ததுதான் அவர் புகழுக்குக் காரணம். அவர் முயற்சியால் 1867ஆம் ஆண்டில் "இரணவைத்தியம்" என்னும் சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டிலேதான் பிரித்தானியாவில் யோசேப்பு லிஸ்டர் என்பார், காபோலிக்கமிலத்தாற் புண்ணைக் காத்தால் சீழ் பிடிப்பதைத் தடுக்கலாமென்று உலகுக்கு அறிவித்தார். சத்திரசிகிச்சையின் புதுயுகம் பிறந்த வேளையிலே தமிழும் அதன் வாயிலில் நின்றதென்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

ஆயினும் மயக்கமருந்து ஒரு வரமாக வந்ததுபோலவே ஒரு பொறுப்பாகவும் வந்தது. 1848ஆம் ஆண்டு சனவரி 28ஆந் தேதி, இங்கிலாந்தின் வடபகுதியிலே ஹன்னா கிறீனர் என்னும் 15 வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரபோம் கொடுக்கப்பட்டது. சில நிமிடங்களில் அச்சிறுமி உயிர்நீத்தாள். மருத்துவ வரலாற்றிலே குளோரபோம் மயக்கத்தால் நேர்ந்த முதல் மரணமாக இது பதிவாகியுள்ளது. அகற்ற முனைந்ததோ ஒரு நகம்! சிறிய சத்திரசிகிச்சை உண்டு. சிறிய மயக்கம் என்று ஒன்றில்லை. இன்று மருந்துகளும் கருவிகளும் பன்மடங்கு சிறந்துவிட்டன. ஆனாலும் அந்த எச்சரிக்கை மாறவில்லை.

ஒரு வாய் தேத்தண்ணி

சத்திரசிகிச்சைக்கு முன்னே உண்ணாதிருக்கவேண்டும் என்று தாதி சொல்லிப் போகின்றாள். சற்று நேரத்தில் நோயாளியின் ஆச்சி வருகின்றாள். "பிள்ளை வெறும் வயித்தோடை கிடக்கிறாளே, ஒரு வாய் தேத்தண்ணியாவது குடுப்பம்" என்கின்றாள். அவள் குரலில் இருப்பது தூய அன்பு. ஆயினும் அந்த ஒரு வாயே ஆபத்தாகலாம்.

காரணம் இதுதான். நாம் விழித்திருக்கும்போது உணவு தவறிச் சுவாசக்குழாயின் பக்கம் போனால் உடனே புரையேறுகின்றது. இருமி வெளியே தள்ளுகின்றோம். மயக்கத்திலே இந்தக் காவல் உறங்கிவிடுகின்றது. இரைப்பையிலே உணவிருந்தால் அது மேலெழுந்து தொண்டைக்கு வந்து, தடையின்றிச் சுவாசப்பையினுள் இறங்கும். திண்மமான உணவு மூச்சை அடைத்துவிடும். இரைப்பையின் அமிலமோ சுவாசப்பையைச் சுட்டுப் புண்ணாக்கும். 1946ஆம் ஆண்டில் கேர்ட்டிஸ் மெண்டல்சன் என்னும் அமெரிக்க மகப்பேற்று வைத்தியர், 44,016 பிரசவங்களை ஆராய்ந்து, அவற்றுள் 66 தாய்மாருக்கு இவ்விதம் நேர்ந்ததென எடுத்துக்காட்டினார். அதன் பின்னரே உண்ணாநிலை பற்றிய விதி உலகெங்கும் இறுக்கமாயிற்று.

இன்று பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் கணக்கு வருமாறு: திண்ம உணவும் பாலும் 6 மணித்தியாலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட வேண்டும், கொழுப்பு மிகுந்த உணவாயின் 8 மணித்தியாலம் வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் 4 மணித்தியாலம். தண்ணீர், பால் கலவாத தேநீர் போன்ற தெளிந்த நீராகாரம் 2 மணித்தியாலம். ஆகவே வெறுந்தேநீர் வேறு, பாற்றேநீர் வேறு. பாற்றேநீர் உணவென்றே கொள்ளப்படும். கஞ்சியும் அவ்வாறே.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். தேவைக்கு மிஞ்சிப் பட்டினி போடுவதும் நல்லதன்று. குழந்தைகளும் முதியோரும் நீரிழிவு நோயாளரும் அதனால் வாடுவர். எனவே "எத்தனை மணியோடு நிறுத்த வேண்டும்? தண்ணீர் எதுவரை குடிக்கலாம்?" என்று விடுதியிலே தெளிவாகக் கேட்டு, சொல்லப்பட்ட நேரத்தைக் கடிதத்துண்டில் எழுதிக் கட்டிலருகே வைத்துக்கொள்வது சிறந்தது. தவறுதலாக ஏதும் உண்ணக் கொடுத்துவிட்டால் அதை மறைத்தல் கூடாது. ஏச்சுக்கு அஞ்சி மறைப்போர் பலர். சொன்னால் சத்திரசிகிச்சை சில மணி நேரம் பிற்போகும், அவ்வளவே. மறைத்தால் உயிரே போகலாம்.

உண்மையைச் சொல்லுதல்

முன்னாளிலே நோயாளியிடம் தாதி கேட்கும் கேள்விகள் வெறும் படிவத்தை நிரப்புவதற்கென்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அஃது அவ்வாறன்று. அவுஸ்திரேலியாவின் மெல்போர்ண் நகரில் நிகழ்ந்த ஒன்றை இங்கே எடுத்துக்காட்டுவோம். கால் முறிந்து வந்த 21 வயது மாணவன் ஒருவன், தன் முறிவைக் காட்டிலும் மயக்கமருந்தைப் பற்றியே பெரிதும் அஞ்சினான். அவன் உறவினருள் பத்துப்பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தனர். புதிய மருந்தொன்றைக் கொடுத்தபோது அவன் உடலும் கொதித்தெழுந்தது. அரும்பாடுபட்டே அவனைப் பிழைக்கவைத்தனர். அவன் சொல்லை அசட்டை செய்யாது ஆராய்ந்த மைக்கல் டென்பரோ என்னும் வைத்தியர், இது பரம்பரையாய் வரும் ஒரு குறைபாடென்று கண்டு, தம் உடனுழைப்பாளரோடு 1960ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு மாணவனின் குடும்பக் கதையிலிருந்து உலக மருத்துவம் ஒரு பாடம் கற்றது.

ஆகவே பாயோடும் தலையணையோடும் நாம் கொண்டுசெல்ல வேண்டிய முதற்பொருள் உண்மை. உறவினருள் எவரேனும் மயக்கத்தின்போது இடர்ப்பட்டதுண்டா? எந்த மருந்து ஒவ்வாது? நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் என்ன குளிசை? குருதி உறையாதிருக்க அஸ்பிரின், வாபரின் போன்றவை எடுப்பதுண்டா? நாட்டு வைத்தியரிடம் வாங்கிய சூரணம் ஏதும் உண்டா? சுருட்டும் சாராயமும் எவ்வளவு? இவற்றை மறையாது சொல்லவேண்டும். குளிசைகளை அவற்றின் உறையோடு கையிலே கொண்டுபோதல் இன்னும் நன்று. புகைப்பவர் சில வாரங்களுக்கு முன்னரே நிறுத்தினாற் சுவாசப்பை தேறும். ஒருநாள் நிறுத்தினாலும் குருதியிற் கலந்த நச்சுவாயு குறையும்.

தாலியும் உத்தரியமும்

சத்திரசிகிச்சைக்கூடத்துக்குப் போகுமுன் நகைகளைக் கழற்றச் சொல்வர். அப்போது நம் பெண்களின் முகம் வாடுவதைக் காணலாம். தாலியைக் கழற்றுவதா என்று மனம் பதறுகின்றது. மன்னாரிலே கத்தோலிக்கர் கழுத்தில் உத்தரியமோ செபமாலையோ இருக்கும். முஸ்லிம் அன்பரின் கையிலே ஓதிக் கட்டிய தாயத்து இருக்கும். தாதி இவற்றை மதியாமல் கேட்கின்றாள் என்று நினைத்தல் ஆகாது. குருதிக்கசிவை நிறுத்த மின்னாற் சுடும் கருவி பயன்படுகிறபோது, உடலிலுள்ள உலோகத்தால் தீப்புண் உண்டாகக்கூடும். கை வீங்கினால் மோதிரம் விரலை இறுக்கும். கட்டுப்பல் மயக்கத்திலே கழன்று தொண்டையை அடைக்கும். நகப்பூச்சும் வெற்றிலைக் கறையும், பிராணவாயு குறையும்போது நகத்திலும் உதட்டிலும் தோன்றும் நீலநிறத்தை மறைத்துவிடும். நல்ல தாதி இந்தக் காரணத்தை இனிய சொல்லால் விளக்குவாள். கழற்றியதைக் கணவனிடமோ தாயிடமோ அவள் கண்முன்னே ஒப்படைக்கச் செய்வாள். நோயாளியின் மனம் அமைதிபெற்ற பின்னரே தள்ளுவண்டி நகரவேண்டும்.

இன்னொன்று. பெயர் என்ன, எந்தப் பக்கம் அறுவை, எதற்காக என்று விடுதியிலும் வாயிலிலும் மேசையருகிலும் திரும்பத் திரும்பக் கேட்பர். "எத்தனை தரம் கேட்பியள், மிஸ்ஸி?" என்று சலித்துக்கொள்வோர் உளர். இக்கேள்விகளின் பயன் அளக்கப்பட்டுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுடில்லி, இலண்டன், மணிலா முதலிய எட்டு நகரங்களிலுள்ள எட்டு வைத்தியசாலைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மரணம் 100க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பெருஞ்சிக்கல்கள் 100க்கு 11 என்பதிலிருந்து 7 ஆயின. இம்முடிவு 2009இல் வெளிவந்தது. அதற்கெனப் பெரும்பொருள் செலவிடப்படவில்லை. கேட்க வேண்டியதைத் தவறாமற் கேட்டனர், அவ்வளவே. பெயரைப் பத்துமுறை கேட்டால் பத்துமுறையும் பொறுமையோடு சொல்லுவோமாக.

கண்விழிக்கும் வேளை

கூடத்தின் கதவு திறக்கின்றது. நோயாளி வெளியே வருகின்றார். "முடிந்துவிட்டது" என்று குடும்பம் பெருமூச்சு விடுகின்றது. தாதிக்கோ அப்போதுதான் மிகக் கவனமான வேளை தொடங்குகின்றது. 1854இல் கிரிமியப் போரிலே காயம்பட்டோரைப் பேணச் சென்று, 1860இல் இலண்டனிலே தாதியர் பள்ளியைத் தோற்றுவித்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், 1863ஆம் ஆண்டிலேயே இதைக் குறித்து எழுதியுள்ளார். சத்திரசிகிச்சைக்கூடத்தை ஒட்டிய சிறு அறையில் நோயாளிகள் அதன் உடனடி விளைவு நீங்கும்வரை இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். இன்றுள்ள மயக்கம் தெளியும் அறைக்கு அதுவே முன்னோடி.

அங்கே தாதி முதலிற் பார்ப்பது மூச்சை. அரைமயக்கத்திலே நாக்கு பின்சரிந்து தொண்டையை அடைக்கும். ஆகையால் தாடையைத் தூக்கிப் பிடிக்கின்றாள். வேண்டின் நோயாளியை ஒருக்களித்துக் கிடத்துகின்றாள். விரல்நுனியிலே ஒரு சிறு கவ்வியைப் பொருத்துகின்றாள். யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி 1970களிற் கண்டறிந்த முறையால், அக்கருவி ஒளியைக் கொண்டே குருதியிலுள்ள பிராணவாயுவை அளக்கின்றது. நாடி, குருதியமுக்கம், சுவாசம், உடலின் வெப்பம் ஆகியவற்றை முதலிற் சில நிமிடங்களுக்கு ஒருமுறையும் பின்னர் கால்மணிக்கு ஒருமுறையும் பார்த்துக் குறித்துக்கொள்கின்றாள்.

அவள் கட்டைப் பார்க்கும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மேலே கட்டு வெள்ளையாயிருப்பதைக் கண்டு அவள் திருப்தியடைவதில்லை. கிடக்கும் உடலிலே குருதி கீழ்நோக்கியே வழியும். ஆகவே முதுகின் கீழே கையைவிட்டுத் துணி நனைந்திருக்கின்றதா என்று பார்க்கின்றாள். உள்ளே குருதி கசிந்தால் முதலில் நாடி விரையும். தோல் குளிர்ந்து வெளிறும். குருதியமுக்கம் விழுவது அதன் பின்னரே. முன்னதைக் கண்டுகொள்ளும் தாதி, பின்னது வருமுன் வைத்தியரை அழைத்துவிடுவாள். எத்தனையோ உயிர்கள் இந்தச் சில நிமிட இடைவெளியிலே காப்பாற்றப்படுகின்றன. அந்நிமிடங்களைப் பற்றி நோயாளிக்கும் தெரியாது, குடும்பத்துக்கும் தெரியாது.

1970ஆம் ஆண்டில் அல்ட்றேற் என்னும் வைத்தியர், அசைவு, சுவாசம், குருதியோட்டம், உணர்வு, நிறம் என்னும் ஐந்துக்கும் தலா 2 புள்ளியாக 10 புள்ளி கொண்ட ஓர் அளவை வகுத்தார். பின்னாளில் நிறத்தின் இடத்தைப் பிராணவாயுவின் அளவு பெற்றது. 9 புள்ளியேனும் பெற்ற பின்னரே விடுதிக்கு அனுப்புவது வழக்கம். "ஏன் இன்னும் கொண்டுவரவில்லை?" என்று வாயிலிலே தவிக்கும் உறவினர் இதனை அறிந்தால் அமைதியடைவர்.

விடுதியிலே

விடுதிக்கு வந்தபின் குடும்பத்தார் செய்யத்தக்கது என்ன? கட்டிலைச் சூழ்ந்து அழுதல் கூடாது. கண் திறவாதிருக்கும்போதே காதிற் சொற்கள் விழக்கூடும். மெல்லப் பெயரைச் சொல்லி, "எல்லாம் முடிந்தது, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று கூறுதல் போதும். நாவரண்டு தண்ணீர் கேட்டால் தாதியைக் கேளாமற் கொடுத்தல் ஆகாது. உதட்டை நனைக்கலாமா என்று கேட்கலாம். குளிர் நடுக்கம் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தாதியிடம் கூறிப் போர்வை கேட்கலாம். ஆறு, எட்டு மணித்தியாலமாகியும் சிறுநீர் கழியாவிட்டால் சொல்லவேண்டும்.

நோவைப் பொறுத்துக்கொள்ளுதல் வீரமென்று நம்மவர் நினைப்பதுண்டு. வீட்டிலே அது வீரமாகலாம். வயிற்றிலே தையலோடு கிடப்பவருக்கு அது கேடு. நோவுக்கு அஞ்சி மூச்சை ஆழ இழுக்காமலும் இருமாமலும் கிடந்தால், சுவாசப்பையின் அடியிலே சளி தங்கிக் காய்ச்சல் வரும். ஆகவே நோவை உள்ளபடி சொல்லி மருந்து பெறவேண்டும். சிறு தலையணையை வயிற்றின்மேல் அணைத்துக்கொண்டு இருமினால் தையல் இழுபடாது. இதை முன்னிரவிலேயே கற்றுக்கொள்வது எளிது.

முன்னாளில் வாரக்கணக்காக நோயாளியை அசையாமற் கிடத்தினர். இன்று அது மாறிவிட்டது. அசையாத காலிலே குருதி உறையும். அவ்வுறைவு நகர்ந்து சுவாசப்பையை அடைத்தால் உயிருக்கே மோசம். அதனாலே வைத்தியர் தடுக்காவிடின் அன்றோ மறுநாளோ எழுந்து சில அடி நடக்கச் செய்கின்றனர். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்றிக் கெலெற் 1990களில், நோவைத் தணித்தல், விரைந்து உண்ணல், விரைந்து நடத்தல் ஆகியவற்றை ஒருங்கிணைத்து, நோயாளர் விரைவிலே தேறலாமென்று காட்டினார். "பச்சைப் புண்ணோடை நடக்கவைக்கிறாளே பாவி!" என்று தாதியை நோகாமல், மறுகையைத் தாங்கிப் பிடிப்பதே உறவினர் கடன்.

முதியவர் சிலர் சத்திரசிகிச்சைக்குப் பின் இரவிலே தடுமாறிப் பேசுவர், இல்லாதவரை அழைப்பர், கட்டிலிலிருந்து இறங்க முயல்வர். பேய்க்குணமென்று நூல் கட்டுவோரும் உண்டு. அது மயக்கமருந்தும் நோவும் உறக்கமின்மையும் கிருமித்தொற்றும் முதியவரின் மூளையைக் குழப்புவதால் உண்டாவது, பெரும்பாலும் தணிவது. உடனே தாதிக்குச் சொல்லவேண்டும். அவருக்குப் பழக்கமான ஒருவர் அருகிலிருத்தல், கண்ணாடியை எடுத்துக் கொடுத்தல், இது எவ்விடம், இன்று என்ன நாள் என்று மெல்லச் சொல்லுதல் ஆகியவை மருந்துக்கு நிகரான உதவிகளாம். இங்கே குடும்பத்தின் கைதான் தாதியின் கையினும் வலியது.

வீடு திரும்பியபின்

மன்னார்க் கரையிலே மீன் தினமும் கிடைக்கின்றது. ஆயினும் அறுவைப்புண் உள்ளவருக்கு மீனும் முட்டையும் கொடுத்தாற் சீழ் கட்டுமென்று விலக்கிவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இது நன்றன்று. புண் ஆறுவதற்கு உடல் புதுத்தசை நெய்யவேண்டும். அந்த நெசவுக்கு நூல் புரதம். மீன், முட்டை, பருப்பு, கீரை, பழம் யாவும் வேண்டும். குறிப்பாக விலக்கும்படி வைத்தியர் சொன்னதை மட்டும் விலக்கினாற் போதும். சீழைத் தருவது உணவன்று. அழுக்குக் கையும் அழுக்குத் துணியுமே. புண்ணின்மேற் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் இடுதல் ஆகாது. தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் ஒன்றே பெரிய மருந்து.

கடற்றொழிலாளருக்குத் தனியாக ஒரு சொல். புண் முற்றாக மூடுமுன் கடலிலும் களப்பிலும் இறங்கக் கூடாது. வெப்பமான உவர்நீரிலே வாழும் சில கிருமிகள் திறந்த புண்வழியே புகுந்து கொடிய நோயை உண்டாக்கும். நீரிழிவும் ஈரல் நோயும் உள்ளவருக்கு அது பேராபத்து. வயிற்றிலே அறுவை செய்தவர் வள்ளம் தள்ளுதல், வலை இழுத்தல், நெல்மூடை தூக்குதல் முதலியவற்றை வைத்தியர் அனுமதிக்கும்வரை தவிர்க்கவேண்டும். பெரிய அறுவைக்கு ஆறு வாரமளவு ஆகலாம். நாட்கூலியை நம்பும் வீட்டுக்கு அது நீண்ட காலமே. ஆனாற் பிரிந்த தையலுக்கு மறுமுறை மேசை ஏறுவது அதனினும் நீண்டது. அயலார் அந்த ஆறு வாரத்துக்குக் கைகொடுத்தால் அதுவும் ஒரு தாதிமையே.

காய்ச்சல், புண் சிவந்து வீங்குதல், துர்நாற்றமுள்ள நீர் வடிதல், ஓயாத வாந்தி ஆகியவை தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி நொந்தாலும் அவ்வாறே. மூச்சுத் திணறலோ, நெஞ்சுநோவோ, நிற்காத குருதிப்பெருக்கோ ஏற்பட்டால் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிய இச்சேவை 2018இல் வட மாகாணத்துக்கும் வந்தது. இந்த இலக்கத்தை வீட்டுச் சுவரிலே எழுதிவைத்தல் நலம்.

யாருடைய கை?

போர் மன்னார்ப் பெருநிலத்தினூடாகக் கடந்து சென்ற 2007, 2008ஆம் ஆண்டுகளில் இக்கரையோர ஊர்களின் மக்கள் வீடுவாசலை விட்டு வன்னியின் உட்புறம் நோக்கி இடம்பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டு ஏப்ரில், மே மாதங்களிலே காயம்பட்டோர் வவுனியா வைத்தியசாலையிற் கட்டிலுக்குப் பன்மடங்கு மிஞ்சிக் குவிந்தனர். தரையிலும் நடைபாதையிலும் கிடத்தப்பட்டனர். சத்திரசிகிச்சை இரவு பகலாக நடந்தது. துணைக்கு நிற்கத் தாயில்லை, மகனில்லை என்ற நிலையிலே கிடந்தவர் எத்தனைபேர்! கத்தியின் பின் வரும் பராமரிப்பு எத்துணை அரியதென்பதை இந்நாட்டுத் தமிழ்மக்கள் நூலிலிருந்து கற்க வேண்டியதில்லை, பட்டே அறிந்துள்ளனர்.

ஆதலால் மாணவரை நோக்கி ஒன்று சொல்ல விரும்புகின்றோம். டாக்டராதல், பொறியியலாளராதல் என்ற இரண்டே கனவுகளை நம் வீடுகள் பிள்ளைகளுக்கு ஊட்டுகின்றன. தாதிமை அவற்றிற் குறைந்த தொழிலன்று. மயக்கத்தின் இயல்பறிய இரசாயனம் வேண்டும்; நாடியின் குறிப்பறிய உடற்றொழிலியல் வேண்டும்; அஞ்சிக் கிடக்கும் ஆச்சியின் மனமறிய அவள் பேசும் தமிழ் வேண்டும். இக்கரையோரத்துப் பெண்பிள்ளைகள் மாத்திரமன்றி ஆண்பிள்ளைகளும் இத்தொழிலுக்கு வருவார்களாயின், தாம்போதியைக் கடந்து அச்சத்தோடு வரும் ஒரு நோயாளி, தன் ஊர்க்குரலைக் கேட்டுக்கொண்டே உறங்கி, அக்குரலைக் கேட்டுக்கொண்டே விழிப்பார்.

அந்நாள் வரும்வரை நாம் செய்யக்கூடியது எளியது. கேட்கும்போது உண்மையைச் சொல்லுவோம். சொன்ன நேரத்தோடு உணவை நிறுத்துவோம். கை கழுவிக் கட்டிலருகே செல்வோம். நோயாளி வீடு திரும்பும் நாளில் வைத்தியருக்கு நன்றி கூறிவிட்டு, விடுதியின் கோடியிலே இன்னொருவர் நாடியைப் பிடித்தபடி நிற்கும் அந்தத் தாதியிடமும் போய் ஒரு சொல் சொல்லி வருவோம்.